தவில் எங்கே? சார்லி மரியானோவின் நாதஸ்வரம் குறித்து

சாக்சபோன் என்று சொன்னால் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது 'டூயட்' படம்தான். 1994. திரையில் பிரபு, பின்னால் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். ஜாஸ் என்றால் அது வேறு உலகம். கோலாலம்பூர் ஹோட்டல் லாபிகளில் வாசிப்பார்கள், நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சார்லி மரியானோவின் வாழ்க்கையைப் படித்தபோது அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. பாஸ்டனில் பிறந்த ஓர் இத்தாலியக் குடியேறிகளின் மகன், அமெரிக்காவின் முதல் வரிசை ஆல்டோ சாக்சபோன் கலைஞர்களில் ஒருவர், நாற்பது வயதைத் தாண்டியபின் மலேசியாவுக்கு வருகிறார். இங்கே நாதஸ்வரத்தைக் கேட்கிறார். அதன்பிறகு அவர் இசை பழைய பாதையில் போகவில்லை.

இதை "பாத்தியா, வெள்ளைக்காரனே நம்ம வாத்தியத்தைக் கத்துக்கிட்டான்" என்ற தொனியில் எழுதிவிடுவது சுலபம். முகநூலில் போட்டால் ஆயிரம் பேர் பகிர்வார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. அவர் அந்த வாத்தியத்தை வைத்து உண்மையில் என்ன செய்தார், அது இசையாக எங்கே நின்றது, எங்கே தடுமாறியது என்று பார்க்கவே விரும்புகிறேன்.

மரியானோ பிறந்தது 1923 நவம்பர் 12. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ இசைக்குழுவில் வாசித்தார். அந்தக் காலத்தில் ஆல்டோ பிடித்த எல்லாரையும் போல அவரும் சார்லி பார்க்கரின் நிழலுக்குள் விழுந்தவர்தான். ஐம்பதுகளில் ஸ்டான் கென்டனின் பெரிய வாத்தியக் குழு, பிறகு ஷெல்லி மேன். 1959-ல் ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை மணந்து, அவரோடு சேர்ந்து ஒரு நால்வர் குழு. பெர்க்லியில் ஆசிரியர் வேலையும் பார்த்திருக்கிறார். இவை ஒரு நல்ல தொழில்முறைக் கலைஞரின் குறிப்பேடு, அவ்வளவுதான். 1963 ஜனவரியில் சார்லஸ் மிங்கஸ் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' ஆல்பத்தைப் பதிவு செய்தபோதுதான் மரியானோ யார் என்று நமக்குத் தெரிகிறது. பதினொரு பேர் சேர்ந்து எழுப்பும் அந்தப் பெரிய இரைச்சலுக்கு மேலே ஓர் ஆல்டோ அழுதுகொண்டே போகும். சுருதியை நேராகத் தொடாமல் கீழிருந்து இழுத்து, தொண்டை அடைத்தது போல் நின்று, பிறகு வழுக்கி இறங்கும். அது மரியானோ.

இந்த அழுகை அவரிடம் மலேசியாவுக்கு வருமுன்பே இருந்தது. நாதஸ்வரம் கொடுத்துதான் அது வந்தது என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே அவர் தேடிக்கொண்டிருந்த ஒன்றை, தோல்வாரும் திருநீறுமாக நின்ற ஓர் இசைக்குழுவிடம் அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

1967 வாக்கில் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில், ரேடியோ மலேசியாவின் வாத்தியக் குழுவுக்குப் பயிற்சி தர அவர் கோலாலம்பூர் வந்தார். பனிப்போர் காலம். தன் நாட்டில் கறுப்பர்களை நடத்திய விதத்துக்காக உலகம் காறித் துப்பிக்கொண்டிருந்தபோது, அமெரிக்கா ஜாஸ் கலைஞர்களைத் தூதர்களாக அனுப்பிக்கொண்டிருந்தது. டியூக் எலிங்டன் 1963-ல் இந்தியா, இலங்கை எல்லாம் சுற்றிவிட்டுப் போய் 'ஃபார் ஈஸ்ட் சூட்' எழுதினார். அழகான இசைதான், ஆனால் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தவரின் இசை. மரியானோவின் நிலை வேறு. அவருக்கு இங்கே வேலை இருந்தது, தங்கினார். தங்குகிறவனுக்குத்தான் பக்கத்துத் தெருவின் சத்தம் காதில் விழும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுபதுகளில் மேற்கத்திய இசைக்காரர்களுக்கு இந்தியா என்றால் சிதார், தபேலா. 1961-ல் ஜான் கோல்ட்ரேன் 'இந்தியா' என்றே பெயர் வைத்து ஒன்றை வாசித்தார், பிறகு தன் மகனுக்கு ரவி ஷங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார். பீட்டில்ஸ் 1965-ல் சிதாரைக் கையில் எடுத்தார்கள். லண்டனில் ஜோ ஹேரியட்டும் ஜான் மேயரும் சேர்ந்து இந்தோ-ஜாஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எல்லாமே கச்சேரி மேடையின் இந்தியா. ஜமுக்காளம் விரித்து ஊதுபத்தி ஏற்றி உட்கார்ந்து கேட்கும் இந்தியா. மரியானோ காதில் விழுந்தது அதுவல்ல. வெட்டவெளியில் நின்று, சாமிக்கு முன்னால் நடந்துகொண்டே, தெருவே கேட்கும்படி ஊதப்படும் வாத்தியம். காரணம் எளிது. அவருடைய இந்தியா மலேசியா வழியாக வந்தது. கப்பலேறிப் பால்மரம் வெட்ட வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த இந்தியாவில் சிதார் கிடையாது. மாரியம்மன் இருந்தாள், முருகன் இருந்தான், அவர்களுக்கு மேளம் இருந்தது.

பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தோட்டத்தில் அன்றாடம் கேட்டது தப்பும் உறுமியும்தான். நாதஸ்வரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும். திருவிழாவுக்குக் கமிட்டிக்காரர்கள் டவுனுக்குப் போய் மேளம் பேசிவிட்டு வருவார்கள். ஈப்போவிலிருந்தோ தைப்பிங்கிலிருந்தோ லோரியில் வந்து இறங்குவார்கள். நாதஸ்வரத்தின் கழுத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளையும் அந்தச் சின்ன ஊசியையும் வேடிக்கை பார்க்க லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடும். ராத்திரி சாமி ஊர்வலம் லயங்களைச் சுற்றி வரும்போது கித்தா மரங்களுக்குள் அந்தச் சத்தம் போய்த் திரும்பி வரும். மறுநாள் விடியற்காலையில் பிரட்டு. மேளக்காரர்கள் போயிருப்பார்கள்.

மரியானோ இங்கே இருந்த ஆண்டுகளில் அந்தத் தோட்டங்கள் என்ன ஆகிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, ஐம்பதுகளிலிருந்தே தோட்டத் துண்டாடல் நடந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1968-ல் வேலை உரிமச் சட்டம் வந்தது. 1969 கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக அமலானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். ஓர் அமெரிக்கர் இந்த வாத்தியத்தின் மேல் காதல்கொண்டு அதைத் தேடி இந்தியாவுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் விருப்பமில்லாமல் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இதற்கும் மரியானோவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் மலேசியா அவர் கதையில் வெறும் இடைநிறுத்தமாக எழுதப்படும்போதெல்லாம் எனக்கு இது உறுத்துகிறது.

அமெரிக்கா திரும்பி 'ஆஸ்மோசிஸ்' என்ற ராக் குழுவோடு கொஞ்ச நாள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தார். இடையில் தென்னிந்தியாவுக்கு வந்து சில மாதங்கள் தங்கி முறையாக நாதஸ்வரம் பயின்றார். இந்தக் காலகட்டத்து இசைத்தட்டுகளில் வாத்தியத்தின் பெயர் 'நாகஸ்வரம்' என்றே அச்சாகியிருக்கும். நாதமா நாகமா என்று நம் ஆட்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஜெர்மானியர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

இரண்டு ஆல்பங்களைக் கேட்டால் போதும். ஒன்று, மியூனிக்கைச் சேர்ந்த 'எம்ப்ரியோ' குழுவோடு 1973-ல் வந்த 'வி கீப் ஆன்'. இன்னொன்று, பேஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரோடு 1975-ல் பதிவான 'யெல்லோ ஃபீல்ட்ஸ்'. முதலாவது வியர்வை நாற்றம் அடிக்கும் ராக்-ஜாஸ் கலவை. இரண்டாவது மேகம் நகர்வது போல நிதானமாகப் போகும் இசை, மரியானோ அதில் ஷெனாயும் வாசிக்கிறார். இரண்டிலும் நாதஸ்வரம் வரும் இடங்களில் முதலில் ஒரு சிலிர்ப்பு வரத்தான் செய்கிறது. பிறகு ஏதோ குறைகிறது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

புந்தோங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு காலத்தில் பேராக் தோட்டக் கோயில்களில் நிறைய வாசித்தவர். பெயர் போட வேண்டாம் என்றார். கைப்பேசியில் மரியானோவைப் போட்டு, யார் என்று சொல்லாமல் அவரிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"மூச்சு நல்ல மூச்சு தம்பி. ஆனா சீவாளிக்கு இன்னும் பயப்படுறாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "தவில் எங்க?" என்றார்.

தவில் இல்லைங்க ஐயா, டிரம்ஸ்தான் என்றேன். "தவில் இல்லாம எதுக்கு இவ்ளோ சத்தமா ஊதணும்?"

நான் படித்த எந்த ஜாஸ் விமர்சனத்தையும்விட இது சரியான விமர்சனம். நாதஸ்வரம் இவ்வளவு உரக்க இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது தவிலோடு சமமாக நின்று பேச வேண்டும். தவில் கேட்கும், இது பதில் சொல்லும். தவில் தனியாகப் பாய்ந்துவிட்டு வந்து நிற்கும் இடத்தில் இது பல்லவியை எடுக்கும். கூடவே ஒத்து, தாளம். அந்த நாலு பேரும் சேர்ந்ததுதான் 'மேளம்'. நாம் கூட நாதஸ்வரக்காரரைக் கூப்பிடு என்று சொல்வதில்லை, மேளக்காரரைக் கூப்பிடு என்றுதான் சொல்கிறோம். மரியானோ அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவரை மட்டும் பிரித்து ஜெர்மனிக்குக் கூட்டிப்போய்விட்டார். சிந்தசைசர் மேகங்களுக்கு நடுவே அந்தக் குழல் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, பதில் வரவில்லை. எழுபதுகளில் இதைக் கேட்ட ஐரோப்பிய ரசிகர்களுக்கு அந்தத் தனிமைதான் 'கிழக்கின் ஏக்கம்' போலக் கேட்டிருக்கும். நமக்குக் கேட்பது ஒரு குழு கலைந்துபோன சத்தம்.

வாத்தியத்தின் உடம்பும் அவருக்கு எதிராகத்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் உறவுக்காரர்கள். இரண்டும் கூம்பு வடிவக் குழாய்கள், இரண்டுக்கும் வாயில் நாணல். ஆனால் 1846-ல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கிய வாத்தியம் ஓர் எந்திரம். இருபதுக்கும் மேற்பட்ட சாவிகள், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கதவு. நாணல் ஒற்றைத் தகடு. நாதஸ்வரத்தில் சாவியே கிடையாது. வாசிக்க ஏழு துளை, சுருதி சேர்க்கக் கீழே ஐந்து துளை, அதில் மெழுகை அடைத்துச் சரிசெய்வார்கள். சீவாளி இரட்டை நாணல். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் உள்ளதை எல்லாம் விரல் பாதி மூடியும் உதடு இறுக்கியும் மூச்சைக் கூட்டிக் குறைத்தும்தான் உண்டாக்க வேண்டும். கமகம் வரும் வழி அது. சின்ன வயதில் ஆரம்பித்தால் உதடு அதற்கு வளைந்துகொடுக்கும். ஐம்பது வயதில், முப்பது வருடமாகச் சாக்சபோனுக்குப் பழகிய உதடு, எவ்வளவு பெரிய கலைஞனாக இருந்தாலும் திணறும். "சீவாளிக்குப் பயப்படுறாரு" என்று பெரியவர் சொன்னது இதைத்தான்.

அப்படியென்றால் தோல்வியா? நாதஸ்வர வாசிப்பாக மட்டும் பார்த்தால், ஆமாம் என்றுதான் சொல்வேன். டி. என். ராஜரத்தினம் பிள்ளையையோ காருகுறிச்சி அருணாசலத்தையோ கேட்ட காதுக்கு மரியானோ ஓர் ஆர்வமுள்ள மாணவர். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரர் வாசித்ததாலேயே பாராட்டுவதும் ஒருவகை அவமரியாதை, அவருக்கும் நமக்கும்.

ஆனால் அவர் கதை அங்கே முடியவில்லை. எண்பதுகளில் அவர் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு சேர்ந்தார். டி. ஏ. எஸ். மணியின் மிருதங்கம், ஆர். ஏ. ராமமணியின் குரல், கூடவே கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல். 1983-ல் 'ஜோதி' என்ற ஆல்பம். அதில் மரியானோ நாதஸ்வரம் வாசிக்கவில்லை. சாக்சபோனும் புல்லாங்குழலும்தான். பத்து வருடத்துக்கும் மேலாகத் தூக்கிக்கொண்டு திரிந்த வாத்தியத்தை, முதன்முறையாகச் சரியான கூட்டம் அமைந்தபோது கீழே வைத்துவிட்டார்.

இந்த முடிவுதான் அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது. எழுபதுகளில் அவர் நம் வாத்தியத்தை எடுத்துக்கொண்டார், அதன் இசை ஐரோப்பிய இசையாகவே இருந்தது. 'ஜோதி'யில் தன் சொந்த வாத்தியத்தோடு வந்து நம் இசைக்குள் உட்காருகிறார். ராமமணி ஒரு வரியைப் பாடிவிட்டு நிறுத்தும் இடத்தில் சாக்சபோன் அவசரப்படாமல் காத்திருந்து, அதே வரியைக் கொஞ்சம் ஓரத்தில் தள்ளி எடுக்கும். சுருதியைக் கீழிருந்து தொடும் அந்தப் பழைய மிங்கஸ் காலத்துப் பழக்கம் இங்கே கமகமாக மாறியிருக்கிறது. முழுக்க அல்ல. ஜாஸ்காரரின் தோள்குலுக்கல் அவ்வப்போது தெரிகிறது, தெரியட்டும். முக்கியமானது, அவர் கேள்விக்குப் பதில் சொல்ல எதிரே ஆள் இருக்கிறது. தாளம் அவருக்காக வளைவதில்லை, அவர்தான் வந்து சமத்தில் சேர வேண்டும். சேரும்போது காதுக்கு ஒரு நிம்மதி.

இதே காலத்தில் எதிர்த் திசையிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். மங்களூர்ப் பக்கம் நாதஸ்வர வித்துவான் ஒருவரின் மகன், மைசூர் அரண்மனை பாண்டில் சாக்சபோனைக் கேட்டு மயங்கி அப்பாவின் வாத்தியத்தை விட்டவர், கத்ரி கோபால்நாத். 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டியோடு சேர்ந்து வாசித்தார், 1994-ல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் மேடை ஏறினார். கத்ரியைக் கேட்கும்போது சாக்சபோனுக்கு ஒரு கறுப்பு அமெரிக்க வரலாறு உண்டு என்பதே மறந்துபோகும். அவர் அதை நாதஸ்வரமாகவே ஆக்கிவிட்டார். அவரால் முடிந்தது மரியானோவால் ஏன் முடியவில்லை என்று கேட்டால், திறமை காரணமில்லை. கத்ரி ஒரு புது வாத்தியத்தோடு தன் வீட்டுக்குள்ளேயேதான் திரும்பி வந்தார். இலக்கணம், குரு, பக்கவாத்தியம், தலையாட்டவும் குறை சொல்லவும் தெரிந்த ரசிகர் எல்லாம் அங்கே காத்திருந்தன. மரியானோ வீட்டை விட்டு வெளியே வந்தவர். வயதான பிறகு வேறு.

பின்னாளில் அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மஹந்தப்பா என்ற ஆல்டோ கலைஞர், அண்ணன் கேலிக்காகப் பரிசளித்த கத்ரியின் ஆல்பத்தைக் கேட்டு அசந்துபோய், கடைசியில் அவரோடு சேர்ந்தே 2008-ல் 'கின்ஸ்மென்' வெளியிட்டார். இன்று ஜாஸ் பேசுகிறவர்கள் இந்திய சாக்சபோன் என்றால் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அது நியாயம்தான், அது இன்னும் முழுமையான இசை. ஆனால் மரியானோவின் தடுமாற்றத்தைக் கேட்காமல் 'கின்ஸ்மென்' தாண்டிய தூரம் எவ்வளவு என்று தெரியாது.

மரியானோ 2009 ஜூன் 16 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் காலமானார், 85 வயது. ஒவ்வொரு ஜாஸ் அகராதியிலும் பெயர் இருக்கிறது. பேராக்கின் தோட்டக் கோயில்களில் வாசித்தவர்களின் பெயர்கள் திருவிழா நோட்டீசில் கடைசி வரிக்கு முந்தைய வரியில் இருந்தன, நோட்டீஸை அடுத்த மழையில் யாரும் தேடவில்லை. தோட்டங்கள் செம்பனை ஆயின, சில தாமான்கள் ஆயின. கோயில்கள் சில இடம் மாறின, சில இருந்த இடம் தெரியவில்லை. பல கோயில்களில் இப்போது பூசை நேரத்துக்குச் சுவிட்சைத் தட்டினால் மணியும் முரசும் தானாக அடிக்கும் எந்திரம் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குப் போகும் காவடிகளுக்கு முன்னால் உறுமி மேளம்தான் ஆட்சி. அதில் எனக்குக் குறை இல்லை. அந்தப் பையன்கள் அடிக்கும் அடியில் உயிர் இருக்கிறது. நாதஸ்வரத்தைத் 'தரமான' இசை என்று தூக்கிப்பிடித்து உறுமியைக் கீழே தள்ளும் வேலையை நான் செய்யமாட்டேன். ஆனால் பத்து வயதில் ஒரு பிள்ளை சீவாளியை வாயில் வைக்க இங்கே இடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் கை விரல்கள் மிஞ்சும். இருக்கிற பெரிய கோயில்கள் கலைஞர்களைத் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பெர்மிட் போட்டு வரவழைக்கின்றன. மறுபடியும் பெர்மிட்.

அன்றைக்குப் பெரியவர் வீட்டிலிருந்து கிளம்புமுன் 'ஜோதி'யையும் போட்டேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். நடுவில் எங்கோ சாக்சபோன் ஒரு சுரத்தில் நின்று நடுங்கியபோது கையை நிறுத்தினார்.

"இது அதே ஆளா?"

"ஆமாங்க ஐயா. பத்து வருசம் கழிச்சு."

"குழல மாத்திட்டாரு," என்றார். பிறகு கைப்பேசியைத் திருப்பித் தராமல், பாட்டு முடியும்வரை மடியிலேயே வைத்துக்கொண்டார்.